மணலில் ஓடிய மகளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, உடல் தகுதித் தேர்வுக்கு 41 நாள்தான் இருக்கிறது

முதுநகர் ஐஸ்காரன் | புதன், இரவு 10.40

கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் 19 ஆண்டாக வேலை பார்க்கிறேன். என் மூத்த மகளுக்கு வயது 21. இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உடல் தகுதித் தேர்வுக்கு இன்னும் 41 நாள். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று போன வாரம்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடியிருக்கிறாள். பைபர் படகை இழுத்துக் கரையேற்றினால் மணலில் ஒரு பள்ளம் விழும். இருட்டில் அது தெரியவில்லை. வலது பாதம் உள்பக்கமாக மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ‘டப்’ என்று ஏதோ சத்தம் கேட்டது என்கிறாள். பிறகு எழுந்து நொண்டிக்கொண்டே சாலைவரை நடந்து வந்திருக்கிறாள்.

இனி நான் செய்தவை. திட்டு விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வீக்கத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஐஸுக்கா பஞ்சம்? அரைத்த ஐஸை ஒரு பாலிதீன் பையில் கொண்டுவந்தேன். குளிர் நன்றாக ஏறட்டும் என்று இரண்டு கைப்பிடி கல்லுப்பையும் போட்டுக் கலந்து, கணுக்காலில் வைத்துத் துண்டால் கட்டினேன். எரிகிறது என்று முதலில் அழுதாள். “போலீஸ் ஆகப் போகிறவள் இதற்கெல்லாம் அழலாமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் மரத்துவிட்டது என்றாள். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து அவிழ்த்தால் தோல் வெளுத்துக் கிடந்தது. மாலையில் புளியங்கொட்டை அளவில் இரண்டு கொப்புளம்.

திங்கட்கிழமை, சுளுக்கு எடுப்பவர் ஒருவரை உறவினர் அழைத்து வந்தார். எண்ணெய் தேய்த்து உருவி, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வெட்டு வெட்டினார். சடக்கென்றது. “இறங்கிவிட்டது” என்றார். 300 ரூபாய். துணியால் இறுக்கக் கட்டி, மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே வீக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது கணுவுக்குக் கீழே கருநீலமாக ரத்தம் கட்டி, அது விரல்வரைக்கும் இறங்கியிருக்கிறது. விரல்கள் குறுகுறுக்கின்றன என்கிறாள்.

எலும்பு உடைந்திருக்குமா? ஜவ்வு கிழிந்திருந்தால் அறுவை சிகிச்சை வேண்டுமா? 41 நாளில் ஓட முடியுமா? வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

முத்தியால்பேட்டை சிஸ்டர் | புதன், இரவு 11.05

தம்பி, முதலில் போய் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

அவிழ்த்தாயிற்றா? விரல் நுனியை அழுத்தி விடுங்கள். வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். குறுகுறுப்பு அரை மணி நேரத்தில் அடங்கவில்லை, விரல் சில்லிட்டோ நீலமாகவோ இருக்கிறது, அல்லது காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி ஏறிக்கொண்டே போய், விரலை மெல்ல நீட்டினாலே துடிக்கிறாள் என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கடலூர் அரசு மருத்துவமனைக்கு இப்போதே போங்கள். இறுக்கமான கட்டு, வீங்குகிற காலை உள்ளேயே நெரிக்கும். மூன்று நாள் அவிழ்க்காதே என்பது யாருக்கும் சொல்லக் கூடாத அறிவுரை.

நான் புதுச்சேரியில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 31 ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்த கால்களை எண்ணி மாளாது.

ஐஸ் கதைக்கு வருகிறேன். உங்கள் தொழிற்சாலைத் தொட்டியில் உப்புத்தண்ணீர் எதற்கு? பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அது உறையாமல் இருந்து, கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரை உறையவைப்பதற்கு. அதையேதான் மகளின் காலில் செய்திருக்கிறீர்கள். வெறும் ஐஸ் உருகும்போது பூஜ்யம் டிகிரியில் நிற்கும். உப்பைச் சேர்த்தால் அதற்குப் பல டிகிரி கீழே இறங்கிவிடும். அந்தக் குளிரில் தோல் உறைந்து வேகும். மரத்துப்போனது மருந்தின் வேலை அல்ல, அபாய மணி. கொப்புளத்தை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். இனி ஐஸ் வைப்பதானால் உப்பில்லாமல், ஈரத்துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், கொப்புளம் இல்லாத பக்கத்தில் மட்டும். அதுவும் வலி தணியத்தான். வைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

இப்போது எலும்பு. மகளை உட்காரவைத்து, உங்கள் கட்டைவிரலால் நான்கு இடங்களை அழுத்திப் பாருங்கள். வெளிக்கணு மேட்டின் நுனியிலிருந்து பின்விளிம்பு வழியாக மேலே ஆறு சென்டிமீட்டர் வரை. உள்கணுவிலும் அப்படியே. பாதத்தின் வெளி ஓரத்தில் குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஓர் எலும்பு முட்டிக்கொண்டிருக்கும், அது. உள்பக்கம், கணுவுக்கு முன்னால் பாத வளைவின் மேலே துருத்துகிற எலும்பு, அது. இந்த நான்கில் எங்காவது எலும்பின்மேலேயே வலித்தாலோ, விழுந்தபோதும் இப்போதும் நான்கு அடிகூட வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே கட்டாயம். 1992ல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் வகுத்த விதி இது. பிசகிய கால்களில் பெரும்பாலானவற்றில் எலும்பு முறிந்திருக்காது. யாருக்கு எக்ஸ்ரே தேவை, யாருக்குத் தேவையில்லை என்று கையாலேயே பிரித்தெடுக்க வந்ததுதான் இந்த விதி. நொண்டி நொண்டியாவது அவள் சாலைவரை வந்தது நல்ல அறிகுறி. ‘டப்’ சத்தத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நார் அறுந்தாலும் வரும், எலும்பு முறிந்தாலும் வரும்.

‘சுளுக்கு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் எத்தனை விஷயத்தை மூடிவிடுகிறோம் தெரியுமா? எலும்பையும் எலும்பையும் கட்டுகிற நார், நீங்கள் ஜவ்வு என்கிறீர்களே, அது இழுபட்டாலும் சுளுக்கு. தசை கிழிந்தாலும் சுளுக்கு. தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண் அறுந்தாலும் சுளுக்கு. ஒருவர் குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோல் இருந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையாம். இரண்டு வாரம் எண்ணெய் போட்டு உருவிவிட்டு வந்திருந்தார். குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையைப் பிழிந்தேன். பாதம் அசைய வேண்டும், அசையவில்லை. குதிகால் தசைநாண் முழுவதுமாக அறுந்திருந்தது. இன்னொரு அம்மாவுக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தது. எங்கும் இடறவில்லை, விழவில்லை. அது சுளுக்கே இல்லை, உள்ரத்தக்குழாயில் கட்டி உறைந்திருந்தது. அந்தக் காலை உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடும்.

‘இறங்கிவிட்டது’ என்றாரே, என்ன இறங்கியது? கணுக்கால் பிசகினால் பெரும்பாலும் எதுவும் இடம் மாறுவதில்லை. வெளிக்கணுவின் முன்விளிம்பிலிருந்து பாதத்து எலும்புக்குப் போகிற ஒரு தட்டையான நார் இழுபடும், அல்லது கிழியும். கிழிந்ததைப் பிடித்து வெட்டி இழுத்தால் மேலும் கிழியும். முதல் மூன்று நாள் உருவுதல், வெந்நீர் ஒத்தடம், மது, ஓட்டம் நான்கும் கூடாது. உள்ளே கசிகிற ரத்தத்தை அதிகமாக்குவதைத் தவிர அவற்றால் பயனில்லை.

ரத்தம் விரலுக்கு இறங்கியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும். இனி பச்சையாகும், பிறகு மஞ்சளாகும், போய்விடும். காலை உயர்த்தி வைப்பது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் நீட்டுவது அல்ல. படுத்துக்கொண்டு, நெஞ்சைவிட உயரமாக, இரண்டு தலையணைமேல். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டுக் கலர் கலராக வாங்கிப் போடாதீர்கள்.

புலியூர் பெரியவர் | வியாழன், காலை 6.15

சிஸ்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எல்லா நாட்டு வைத்தியத்தையும் ஒரே கூடையில் போட்டு மூடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக மூசாம்பரத்தை, அதாவது கற்றாழைச் சாற்றை வற்றவைத்த கட்டியை, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடுகிறோம். காய்ந்தால் ஓடுபோல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் வீக்கம் வற்றியிருக்கும். புளியும் கல்லுப்பும் கொதிக்கவைத்துப் போடுகிற பற்றும் உண்டு. யார் காலையும் முறித்ததில்லை.

உலக்கை உருட்டுவது, கால் முன்னால் வரப் பிறந்தவரை விட்டு முதுகில் மிதிக்கச் சொல்வது ஆகியவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. என் முதுகில் ஒருமுறை மிதித்திருக்கிறார்கள். அந்த ஆள் எண்பது கிலோ.

முத்தியால்பேட்டை சிஸ்டர் | வியாழன், காலை 6.50

பெரியவரே, உங்கள் பற்றோடு எனக்குச் சண்டை இல்லை. இறுகிப் பிடிக்கிறது என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். மிதமான அழுத்தக் கட்டும் அதைத்தான் செய்கிறது. அதோடு பற்றுப் போட்டவர் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பார். தோல் முழுசாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். இந்தப் பெண்ணின் காலில் கொப்புளம் இருக்கிறது, அதன்மேல் புளி உப்பு எதுவும் படக் கூடாது.

வில்லியனூர் மகன் | வியாழன், காலை 8.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 64 வயது, 17 ஆண்டாகச் சர்க்கரை. பத்து நாளாக ஒரு கணுக்கால் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறது. வலி அவ்வளவாக இல்லை என்று நடந்துகொண்டேதான் இருக்கிறார். எங்கேயோ பிசகியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மேலே சொன்ன எலும்புச் சோதனையைச் செய்தேன், எங்கும் வலிக்கவில்லை. அப்படியானால் கவலையில்லை அல்லவா?

முத்தியால்பேட்டை சிஸ்டர் | வியாழன், காலை 8.31

கவலை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் சோதனை செல்லாது. வலி தெரிந்தால்தானே அது பேசும். நீண்டகாலச் சர்க்கரை, ஒரே கால், வீக்கம், சூடு, வலி இல்லை. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம், கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். இரண்டுமே நடக்க நடக்கக் கெடும். அம்மாவை இன்றைக்கே, ஆட்டோவில், நடக்கவிடாமல் ஜிப்மர் மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். ஐஸும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். சர்க்கரைக்காரர் பாதத்தில் வெந்நீர்ப் பை வைத்து வெந்துபோன கால்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதுநகர் ஐஸ்காரன் | வியாழன், இரவு 9.10

சிஸ்டர் அக்காவுக்கு நன்றி. இரவே கட்டை அவிழ்த்தேன். பத்து நிமிடத்தில் குறுகுறுப்பு போய்விட்டது. காலையில் நான்கு இடத்திலும் அழுத்தினேன். கணு எலும்பில் வலி இல்லை. அதற்கு முன்னால் பள்ளத்தில் தொட்டாலே கத்துகிறாள். ஆனால் பாதத்தின் வெளி ஓர எலும்பில் கை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டாள். விதி விதிதானே என்று எக்ஸ்ரே எடுக்கப் போனோம். எலும்பில் ஒன்றும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, வெளிப்பக்க நார் பாதி கிழிந்திருக்கலாம், மாவுக்கட்டு வேண்டாம், கணுக்கால் உறை போட்டுக்கொண்டு நடக்கலாம், அடுத்த வாரம் வீக்கம் வற்றியதும் வா என்றார். கொப்புளம் எப்படி வந்தது என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. தேர்வுவரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்கிறாள் என் மனைவி. நாளையே ஓட வேண்டும் என்கிறாள் மகள்.

லாஸ்பேட்டை பிசியோ | வியாழன், இரவு 10.30

இரண்டு கட்சியுமே தோற்கும், அண்ணா. நான் பிசியோதெரபிஸ்ட். இது நேரில் பார்க்காமல் எழுதுவது. டாக்டர் சொல்வதே முதல், இது அதற்குத் துணை.

டாக்டர் மறுபடி வரச் சொன்னதில் காரணம் இருக்கிறது. புதிதாக வீங்கிய கணுவில் நார் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று எந்தக் கைக்கும் சரியாகத் தெரியாது. நான்கைந்து நாள் கழித்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. பொதுவாக மூன்று படி வைத்துப் பேசுவோம். நார் இழுபட்டு அங்கங்கே நூல் நூலாகப் பிய்ந்தால் முதல் படி, ஒன்றிலிருந்து மூன்று வாரம். பாதி கிழிந்தால் இரண்டாம் படி, மூன்றிலிருந்து ஆறு வாரம். முழுவதும் அறுந்தால் மாதக்கணக்கு. அதிலும் பலருக்குக் கத்தி வேண்டியிருப்பதில்லை, பயிற்சியே போதுமானதாக இருக்கிறது. உங்கள் மகள் இரண்டாம் படி என்றால் நாள் கணக்கு இறுக்கம்தான். ஆனால் கை நழுவிவிடவில்லை.

ஐஸ் பற்றி ஒரு கதை. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே மந்திரமாகக் கோத்துக் கொடுத்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர், 1978ல். உலகம் முழுவதும் அதை மனப்பாடம் செய்தது. 2014ல் அதே மனிதர், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கம் என்பது வெறும் தொல்லை அல்ல. சிதைந்ததை அள்ளிப்போடுகிற துப்புரவு ஆட்களும், புதிதாகக் கட்டுகிற ஆட்களும் வந்து இறங்குகிற வழி அது. 2012லேயே பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில், ‘ஓய்வு’ என்ற சொல்லை நீக்கிவிட்டு ‘பாதுகாப்பு, அளவான பளு’ என்று மாற்றச் சொன்னார்கள். அதோடு பழைய ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் மூன்றையும் வைத்து, அந்த ஆறு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் ‘போலீஸ்’ என்று வரும். உங்கள் வீட்டுக்கென்றே வைத்த பெயர்போல் இருக்கிறது, மகளிடம் சொல்லுங்கள்.

அந்த ‘அளவான பளு’தான் இங்கே மருந்து. துறைமுகத்தில் கிழிந்த வலையைப் பார்த்திருப்பீர்கள். அவசரத்துக்குக் கிடைத்த நூலால் இழுத்து முடிந்து வைப்பார்கள். பிறகு ஓய்வாக உட்கார்ந்து கண்ணி கண்ணியாகச் சரிசெய்வார்கள். உடம்பும் அப்படித்தான். முதல் சில வாரம் புதுநாரைக் குறுக்கும் நெடுக்குமாகக் குவிக்கும். அதன்பின், எந்தத் திசையில் இழுவிசை வருகிறதோ அந்தத் திசையைப் பார்த்து நார்கள் வரிசைப்படும். இது முடிய ஓராண்டுகூட ஆகும். இழுவிசையே வராவிட்டால் எந்தத் திசை என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? கட்டிலில் கிடந்தால் நார் வலுவில்லாத கொத்தாகவே நின்றுவிடும், ஆடுசதையும் சூம்பும். அதற்காக நாளையே ஓடினால் தற்காலிக முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

நாளையிலிருந்து, படுத்துக்கொண்டு காலை நீட்டி, கட்டைவிரலைப் பேனாவாக வைத்துக் காற்றில் உயிரெழுத்து பன்னிரண்டையும் பெரிது பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அசைய வேண்டியது கணு மட்டும், முழங்கால் அல்ல. ‘ஈ’ சுலபம், ‘ஔ’ வரும்போது முகம் சுளிப்பாள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவுக்கு, நாளைக்கு நாலைந்து முறை. வீட்டுக்குள் உறையோடு நடக்கட்டும். நொண்டாமல் மெதுவாக நடப்பது, நொண்டிக்கொண்டு வேகமாக நடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நொண்டாமல் நடக்க வந்ததும் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில். அதோடு, எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு பயிற்சி இருக்கிறது: ஒற்றைக் காலில் நிற்பது. பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்கட்டும். முப்பது விநாடி ஆடாமல் நின்றால், அடுத்து கண்ணை மூடிக்கொண்டு. நார் வெறும் கயிறு அல்ல. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்புகிற நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. கிழியும்போது அந்தச் சேதியும் மங்கிவிடும். ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பலர் வலி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. கணுவுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளுக்கு நடுவில் வலித்தால், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது வலித்தால், அது வேறு நார். ஆற நெடுநாள் ஆகும். டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

பாகூர் சிலம்பம் | வெள்ளி, காலை 5.55

இருபது ஆண்டாகப் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் ஓட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். காவலர் தேர்வு அறிவிப்பு வந்தால் போதும், கடற்கரை முழுவதும் கூட்டம். மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. உறுதியாகும், மெதுவாக, மாதக்கணக்கில் பழகினால். தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கையில், இருட்டில், உதிரி மணலில் முழு வேகத்தில் ஓடுவதா? தேர்வு நடப்பது மைதானத்தில். மைதானத்தில் ஓட மைதானத்தில்தான் பழக வேண்டும். மஞ்சக்குப்பத்தில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. அடிபட்ட கால் மணல் பக்கமே போகக் கூடாது.

என் கணக்கு இது: அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்து வலி இல்லை, அடிபட்ட காலில் மட்டும் பத்து முறை குதித்து மற்றக் காலைப்போலவே இருக்கிறது. இந்த இரண்டும் ஆகும்வரை ஓட்டம் கிடையாது. அழுதாலும் கிடையாது.

முதுநகர் ஐஸ்காரன் | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.45

இரண்டாம் படிதான் என்று டாக்டர் உறுதி செய்தார். நொண்டல் பத்தாம் நாள் நின்றது. உயிரெழுத்து முடிந்து உயிர்மெய்யில் இருக்கிறாள். ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவதை என் இரண்டாவது மகனும் தொடங்கிவிட்டதால் காலையில் குழாயடியில் இடமே இல்லை.

ஆனால் நேற்று எனக்குத் தெரியாமல் விளையாட்டரங்கில் இரண்டு சுற்று ஓடியிருக்கிறாள். ஓடும்போது ஒன்றுமில்லையாம். இன்று காலையில் கணு பொம்மென்று இருக்கிறது, படி இறங்கினால் வலி. மறுபடி கிழிந்துவிட்டதா? ஐஸ் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையை எழுத முடியாது.

லாஸ்பேட்டை பிசியோ | சனி, இரவு 9.30

பளுவைக் கூட்டும்போது ஓடுகிற நேரத்து வலியைவிட மறுநாள் காலையைத்தான் பார்க்க வேண்டும். வீக்கமும் வலியும் ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால், அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று பொருள், கிழியவில்லை. இரண்டு நாள் பின்வாங்கி, பயிற்சியை மட்டும் தொடரட்டும். அடுத்து ஓடும்போது ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, அப்படி ஆறு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். நேர்க்கோட்டில் மட்டும். வளைவும் வேகமும் கடைசி பத்து நாளுக்கு. இரண்டு நாளில் வற்றாவிட்டால், அல்லது கால் ‘கழன்று போகிறது’ என்று சொன்னால், டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

வில்லியனூர் மகன் | ஞாயிறு, மதியம் 1.15

சிஸ்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கே அழைத்துப் போனேன். பாத எலும்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டிருக்கிறார்கள், காலை ஊன்றக் கூடாது என்று உத்தரவு. மாதக்கணக்கில் ஆகுமாம். இன்னும் நடந்திருந்தால் பாதம் உருக்குலைந்திருக்கும் என்றார்கள். அம்மா, வலியே இல்லாததற்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டு என்று தினமும் கேட்கிறார்.

முதுநகர் ஐஸ்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

நாளை மறுநாள் தேர்வு. இன்று காலை மைதானத்தில் 400 மீட்டர் ஓடினாள். என் கைப்பேசியில் இரண்டு நிமிடம் நான்கு விநாடி. பிசகுவதற்கு முன்பு ஒரு நிமிடம் ஐம்பதில் ஓடியவள், அதனால் முகம் தொங்கிப்போயிருக்கிறது. எனக்கு இதுவே கைக்கு வந்த சொத்து. மாலைவரை வீக்கம் இல்லை. கணுவில் பட்டை ஒட்டிக்கொண்டு ஓட அனுமதி உண்டா என்று அங்கே போய் அதிகாரியிடம் கேட்டுக்கொள்வோம்.

தொழிற்சாலையில் போன வாரம் ஒரு பையன் ஐஸ் பாரைத் தூக்கும்போது மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்கள் எண்ணெய் எடுத்து வரப் போனார்கள். நான் எண்ணெயைத் தடுத்து அவனை டாக்டரிடம் அனுப்பினேன். மணிக்கட்டுக்கு அந்த நான்கு இட விதி செல்லாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

சிஸ்டர் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி. கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு இடத்திலும் பழுப்பாக வட்டம் விழுந்திருக்கிறது, ஒரு ரூபாய்க் காசு அளவில். அது போகுமா?

முத்தியால்பேட்டை சிஸ்டர் | ஞாயிறு, மாலை 7.02

மங்கும், தம்பி. சில மாதம் ஆகும். வெயில் படாமல் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இரவில் தேங்காய் எண்ணெய் தடவலாம். அந்த இடத்தில் கொஞ்ச நாள் குளிர் அதிகமாக உறைக்கும், அதுவும் இயல்புதான். அதுவரை அதைக் காட்டிக் காட்டி உங்களைத் திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.